வால்வுக்குள் ஒரு கை

செம்பியன்: சக்கரத்துக்கு அப்புறம் மனுஷன் கண்டுபிடிச்ச ஒரே உருப்படியான சாமான் பிஞ்ச் வால்வுதான். நடுவுல வந்ததெல்லாம் சும்மா டைம் பாஸ்.

சிலம்பரசன்: கரண்டு?

செம்பியன்: அது அடிக்கடி போயிடுது.

சிலம்பரசன்: தடுப்பூசி?

செம்பியன்: வலிக்கும். இது அப்படி இல்ல மச்சான். ஒரு ரப்பர் குழாய், சுத்தி ஒரு இரும்புக் கூடு. கூட்டுக்குள்ள காத்த அனுப்புனா குழாயோட கழுத்த நெரிச்சு மூடிடும். காத்த எடுத்தா தொறந்துக்கும். மண்ணு போயி மாட்டுறதுக்கு உள்ள எடமே கெடையாது.

தைலம்மாள்: அப்ப ஏன் தம்பி இந்தப் பந்து கழுவுற மெஷின்ல அது செவ்வாக்கெழமலேருந்து மூட மாட்டேங்குது? அழுக்குத் தண்ணி அப்படியே கழுவுன பந்து மேல வந்து ஊத்துது. போனத விட மோசமா வெளிய வருது பந்து.

செம்பியன்: அதுக்கு வால்வு என்னக்கா பண்ணும்? கடலூர்லேருந்து சிதம்பரம் போற ரோட்டுல, கடலோரமா, வெறும் மணல்ல கோல்ஃப் மைதானம் போட்டது யாரு? பண்ருட்டி முந்திரி முதலாளிங்க வந்து அடிக்கறாங்க. பந்த விட மண்ணு தூரமா போவுது.

சிலம்பரசன்: தத்துவம் அப்புறம். மேனேஜர் சாப்ட்டுட்டு வரதுக்குள்ள மெஷின் ஒரு கூடை பந்தாவது சுத்தமா கழுவணும். இல்லன்னா கழட்டி எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. காலேஜ்ல இத வச்சிதான் நமக்குப் ப்ராஜெக்ட்டு. இது போனா நாமளும் போனோம்.

தைலம்மாள்: எனக்குத் திரும்பவும் பிரஷ்ஷு, பக்கெட்டு.

செம்பியன்: போவாது. உள்ள என்னமோ மாட்டியிருக்கு. கைய வுட்டு எடுத்துடறேன்.

சிலம்பரசன்: மாட்டுறதுக்கு எடமே இல்லன்ன?

செம்பியன்: ...மண்ணு மாட்டாதுன்னேன். நீ சுவத்துக்குப் பின்னால ஷெட்டுல போயி காத்துக் குழாய்கிட்ட நில்லு. 'விடட்டா'ன்னு கேளு. நான் 'விடு'ன்னாதான் தொறக்கணும்.

சிலம்பரசன்: கை உள்ள இருக்கறப்ப காத்து வந்துட்டா?

செம்பியன்: அப்பளம்.

சிலம்பரசன்: நான் வேணா கைய வுடட்டுமா?

செம்பியன்: வேணாம். நான்தான் வுடணும். நீ போ.

தைலம்மாள்: தம்பி... அவரு போயிட்டாரு, அதனால சொல்றேன். மொத குரலுக்குப் பதில் சொல்லிடாதீங்க.

செம்பியன்: என்னதுக்கா?

தைலம்மாள்: உச்சி வேளையில இங்க யாரோ பேரச் சொல்லிக் கூப்புடற மாரி இருக்கும். மனுஷங்கன்னா மூணு தடவ கூப்புடுவாங்க. அதுங்களுக்கு ரெண்டுக்கு மேல வராது.

செம்பியன்: ஏன், பேலன்ஸ் தீந்துடுமா?

தைலம்மாள்: சிரிங்க, சிரிங்க.

செம்பியன்: சிரிக்கலக்கா. என்ன மூணு தடவ கூப்புடறது லோன் வேணுமான்னு கேக்கறவன் ஒருத்தன்தான். அவன் மனுஷனான்னு எனக்கு இன்னும் டவுட்டு.

தைலம்மாள்: எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும் இது.

செம்பியன்: இது சயின்ஸுக்கா. ரப்பர் முழுசா மூடாம காத்து கசிஞ்சா, ஒதடு மாரி அதிரும். நம்ம தொண்டையும் அதே கதைதான். குரல் மாரி கேக்கறதுல ஆச்சரியமே இல்ல.

தைலம்மாள்: சரி, குரல் வரும்னு ஒத்துக்கறீங்க. பேரு எப்படி தம்பி தெரியும் அதுக்கு?

செம்பியன்: ...மொத குரலுக்கே பதில் சொல்லிட்டா என்ன ஆவும்?

தைலம்மாள்: ஒண்ணும் ஆவாது. ஆள அடையாளம் தெரிஞ்சிக்கும், அவ்வளவுதான்.

செம்பியன்: ...டார்ச்சக் காட்டுங்க. கைய வுடறேன்.

தைலம்மாள்: என்ன தட்டுப்படுது?

செம்பியன்: வழவழன்னு இருக்கு. மாட்டு வாயில கைய வுட்ட மாரி... கதகதன்னு.

தைலம்மாள்: காலையிலேருந்து மெஷினே ஓடல. தண்ணி ஜில்லுன்னு கெடக்கு.

செம்பியன்: ரப்பர் அப்படித்தான்க்கா.

சுவருக்கு அந்தப் பக்கம்: செம்பியா... விடட்டா?

செம்பியன்: ...

தைலம்மாள்: பரவால்லயே. பேசாம இருக்கீங்க.

செம்பியன்: தொண்ட கட்டிக்கிச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம்: செம்பியா... விடட்டா?

செம்பியன்: டார்ச்ச ஆட்டாதீங்கக்கா.

தைலம்மாள்: நான் ஆட்டல. நீங்கதான் சுவத்தையே பாக்கறீங்க.

சிலம்பரசன்: மச்சான், ஷெட்டு பூட்டியிருக்கு. சாவிக்கு மேனேஜர் ரூம் வரைக்கும் போயிட்டு இப்பதான் வரேன்... என்ன, ரெண்டு பேரும் இப்படிப் பாக்கறீங்க?

தைலம்மாள்: நீங்க எந்தப் பக்கமா வந்தீங்க தம்பி?

சிலம்பரசன்: கேட்டுப் பக்கமா. ஏன்?

செம்பியன்: ஒண்ணுமில்ல. போயி தொற.

சிலம்பரசன்: கேட்டா ஒடனே பதில் சொல்லு. அங்க கொசு ஜாஸ்தி.

தைலம்மாள்: தம்பி...

செம்பியன்: பேசாதீங்கக்கா. கெடச்சிடுச்சு... இருங்க... ஹா, வந்துடுச்சு.

தைலம்மாள்: அப்பாடா, கை வெளிய வந்துச்சே. என்ன அது? பந்து மாரி இல்லையே, பளபளன்னு...

செம்பியன்: கல்லு.

தைலம்மாள்: கல்லத் தொடச்சி யாரு பாக்கெட்டுல போட்டுக்குவா?

செம்பியன்: ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்குப் போட்டோ வேணும்.

சுவருக்கு அந்தப் பக்கம்: மச்சான்... விடட்டா?

செம்பியன்: ...

தைலம்மாள்: இது அவரேதான், சாவியோட போனாருல்ல. சொல்லுங்க, மேனேஜர் ஏப்பம் விடற சத்தம் அங்க கேக்குது.

செம்பியன்: ...

சுவருக்கு அந்தப் பக்கம்: டேய் செம்பியா, விடட்டான்னு கேக்கறேன்ல?

செம்பியன்: ...

தைலம்மாள்: கையத்தான் எடுத்துட்டீங்களே, இன்னும் என்ன? நான் சொன்னதுக்கு அந்தச் சிரிப்பு சிரிச்சீங்க.

செம்பியன்: செவ்வாக்கெழம நீங்க லீவு. நான் மட்டும் தனியா வந்து இதுக்குள்ள கைய வுட்டுட்டு இருந்தேன். சிலம்பு குரல்ல 'விடட்டா'ன்னு கேட்டுச்சு. அவன்தான் வந்துட்டான்னு நெனச்சி 'விடு'ன்னுட்டேன். காத்து வந்து நெரிச்சுது. கை வந்துடுச்சு, வாட்ச் வரல, இப்ப எடுத்தது அதத்தான். அன்னிக்கு அவன் சிதம்பரத்துல லேப் எக்ஸாம்ல ஒக்காந்திருந்தான்க்கா... இருங்க. இன்னொரு தடவ கூப்புடட்டும்.