மண்ணில் வைத்த ஆர்க்கிட்

ஷிப்ட் முடிந்து ஓசூரில் ஏறிய கிருஷ்ணகிரி பஸ்ஸில் பாதிப் பேர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் சொக்கியது. முன் சீட்டில் கம்பெனி யூனிஃபார்மோடு இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் ஒரு தொட்டி, அதில் ஊதாப் பூ பூத்த ஆர்க்கிட்.

"இதுவும் செத்துரும்க்கா. ரெண்டு நாள் தாங்கினா போதும்" என்றாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஏண்டி, இப்பத்தானே வாங்குன?"

"வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு. மரத்துல ஒட்டி வளர்ற செடிக்கா இது. கரித்துண்டு போட்டு, வேர் காத்தாட வெச்சிருந்தேன். ஊர்லேருந்து மாமனார் வந்தாரு. பாவம், வேர் வெளிய தொங்குதேன்னு, நான் டூட்டிக்குப் போனப்ப செம்மண்ணும் சாணி எருவும் போட்டு நட்டுட்டாரு. தெனமும் தண்ணி வேற."

"அழுகிருச்சா?"

"அவுரு ஊருக்குப் போனதுமே."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கெணறு வத்தி, காட்ட வித்ததுக்கப்பறம் அவுரு கையால நட்டது அது ஒண்ணுதான்க்கா. ஃபோன் பண்ணா மொதல்ல அதத்தான் கேக்குறாரு. பூத்திருக்குன்னு சொல்லிட்டேன். நாளைக்குப் பாக்க வர்றாரு. ரெண்டு நாள் இருப்பாரு."

பஸ் சூளகிரியைத் தாண்டியது. பெரியவள் குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள்.

"அப்ப இதையும் மண்ணுலயா வெப்ப?"

"வேற என்னக்கா பண்றது? அவுரு அப்படித்தானே வெச்சாரு."

குருபரப்பள்ளியில் சின்னவள் எழுந்தாள். தொட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு, சீட்டுக்கு அடியிலிருந்து எருப் பையை இழுத்தெடுத்தாள்.