முதல் பாட்டுக்குக் கீழே ஒரு பேர்

நண்டு: கடைசி வரியை வாசிங்க.

கட்டை: ப... ட... அது ‘ம’வா, ‘ய’வா?

நண்டு: என்னைக் கேட்டா? உங்க கண்ணு.

கட்டை: நீங்க வாங்கன்னு பேசாத நண்டு. ஒரு மாதிரி இருக்கு.

நண்டு: கண்ணாடி போட வர்ற எல்லாருக்கும் ‘நீங்க’தான். நண்டுன்னு இந்தக் கடையில யாரும் கிடையாது.

கட்டை: பேஸ் கிட்டார் மேல உன் விரல் ஓடுறதைப் பாத்து வெச்ச பேரு. நானா வெச்சேன்? ட்ரம்ஸ்காரன் வெச்சான்.

நண்டு: உன் குரலைக் கேட்டுட்டு உனக்குக் கட்டைன்னு வெச்சதும் அவன்தான். தலையை ஆட்டாத. இந்த லென்ஸா... இல்ல இதுவா? எது தெளிவு?

கட்டை: முதல்ல போட்டது.

நண்டு: ரெண்டும் ஒரே பவர். நீ எழுத்தைப் பாக்கவே இல்ல. பதினாறு வருஷம் கழிச்சு, சாப்பாட்டு நேரத்துல, கண்ணு பாக்க இந்தக் கடைதான் கிடைச்சுதா? சட்டைப் பையில என்ன காகிதம்?

கட்டை: அதுக்குத்தான் வந்தேன். நம்ம பாட்டையெல்லாம் பொறுக்கி ஒரே ஆல்பமா போடறாங்க. ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’.

நண்டு: யாரோடது?

கட்டை: நம்ம பேண்டோடதுதான்.

நண்டு: நமக்கு ஏதுடா அத்தனை ஹிட்டு? மூணு பாட்டு ஓடுச்சு. அதுலயும் ஒண்ணு பெயிண்ட் விளம்பரத்தால ஓடுச்சு.

கட்டை: பன்னெண்டு வேணுமாம். மீதி ஒன்பது, ஓடியிருக்க வேண்டியது.

நண்டு: குடு இங்க... ‘ஆல்டர்நேட்டிவ் ராக் முன்னோடிகள்’னு போட்டிருக்கு.

கட்டை: ம்.

நண்டு: அன்னிக்கு ‘என்னய்யா சத்தம் இது’ன்னு கரண்ட்டைப் பிடுங்கினவங்க எல்லாம் எங்க போனாங்க?

கட்டை: அவங்கதான் இப்ப வாங்கப் போறாங்க.

நண்டு: ‘ஈரச் சாக்ஸ்’கூட இருக்கே. இதை யாரு கேட்டது?

கட்டை: நம்ம ட்ரம்ஸ்காரன்தான். அவன் பாடின ஒரே பாட்டு அது.

நண்டு: எப்படி இருக்கான்?

கட்டை: பேக்கரி வெச்சிருக்கான். மாவு பிசையறதும் தாளத்துலதான். காகிதத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டான்.

நண்டு: நீ?

கட்டை: லிஃப்ட் ரிப்பேர். உள்ள மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கறேன்.

நண்டு: நல்ல வேலை.

கட்டை: முதல் பாட்டைப் பாரு.

நண்டு: ‘பழைய எண்’. வேற எது இருக்கும்.

கட்டை: அதுக்குக் கீழ.

நண்டு: என் பேரு போட்டிருக்கு.

கட்டை: எழுதி இசையமைச்சது நீன்னு. முழுப் பேரு. எழுத்து சரியா இருக்கான்னு மூணு தடவை பாத்தேன்.

நண்டு: அப்ப வந்த ஆல்பத்துல உன் பேரு இருந்துச்சு. அச்சுப் பிழைன்னு சொன்ன. அடுத்த தடவை மாத்திடுவாங்க, அடுத்த தடவை மாத்திடுவாங்கன்னு நானும்...

கட்டை: அச்சுப் பிழை இல்ல. அச்சடிக்கிறதுக்கு முன்ன, சரிபாக்கச் சொல்லி அட்டையோட ப்ரூஃப் என் கைக்கு வந்துச்சு. பாத்தேன். திருத்தாம அனுப்பிட்டேன்.

நண்டு: எதுக்கு?

கட்டை: கம்பெனி முதலாளி தோள்ல கை போட்டு, ‘இப்படி ஒரு பாட்டு போதும்டா உன் ஜென்மத்துக்கு’ன்னார். நான் எழுதலன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் போன இடமெல்லாம் ஜனம் கூடவே பாடுச்சு. நாளாக நாளாக... சொல்ற வழியே அடைஞ்சு போச்சு.

நண்டு: உனக்கு ரெண்டடி பின்னாடி நின்னேன்டா. ‘நான் எழுதின பாட்டு’ன்னு மைக்ல சொல்லுவ. நான் குனிஞ்சு கம்பியைப் பாத்துக்குவேன்.

கட்டை: தெரியும்.

நண்டு: அதுக்குத்தான் விட்டுட்டுப் போனேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னது சும்மா.

கட்டை: அதுவும் தெரியும். அடுத்த வாரமே உங்கம்மாவை மார்க்கெட்ல பாத்தேன். ரெண்டு கையிலயும் பையோட, கல்லு மாதிரி நடந்து போயிட்டிருந்தாங்க.

நண்டு: தெரிஞ்சும் வரல நீ.

கட்டை: எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வர்றது?

நண்டு: இப்ப மட்டும்?

கட்டை: என் பொண்ணு பள்ளிக்கூடத்துல அந்தப் பாட்டைப் பாடப் போறா. ‘யாரை நினைச்சுப்பா எழுதினீங்க’ன்னு கேட்டா. நான் எழுதல, எங்க பேண்ட்ல பேஸ் வாசிச்ச பொண்ணு, நண்டு, எழுதுச்சுன்னு சொல்லிட்டேன். ‘அப்ப அவங்க பேரு எங்க’ன்னா. அன்னிக்கு முழுக்க என்கூடப் பேசல.

நண்டு: அவ அம்மா?

கட்டை: பிரிஞ்சு ஆறு வருஷம்.

நண்டு: ஓ.

கட்டை: நீயாவது சொல்லேன். யாரை நினைச்சு எழுதின?

நண்டு: கையை எடு, லென்ஸ் பெட்டி மேல வெச்சிருக்க.

கட்டை: சரி, விடு. இன்னொண்ணு. கம்பெனி ஒரு புதுப் பாட்டும் கேக்குது. பதிமூணாவதா. மூணு பேரும் சேந்து வாசிக்கணும்.

நண்டு: கம்பெனி கேக்குதா?

கட்டை: ஆமா. கண்டிப்பா வேணுமாம்.

நண்டு: நான் தொட்டே வருஷக்கணக்காச்சு.

கட்டை: இடது கையைக் காட்டு.

நண்டு: எதுக்கு?

கட்டை: விரல் நுனி காய்ச்சுப் போயிருக்கு. லென்ஸ் துடைச்சா காய்க்குமா?

நண்டு: ...கடை தொறக்கறதுக்கு முன்ன ஒரு அரை மணி. ஆம்ப் போடாம. பக்கத்துக் கடைக்கே கேக்காது.

கட்டை: தினமுமா?

நண்டு: ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்.

கட்டை: அப்ப வந்துடு நண்டு. முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடு.

நண்டு: போட மாட்டேன்.

கட்டை: கோவம் நியாயம்தான். என்னை மன்னிக்க வேணாம். ஆனா நீ போடலன்னா உன் பேரு வராது. போடற வரைக்கும் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்.

நண்டு: போட மாட்டேன்னா, மறுபடி போட மாட்டேன்டா. போன வாரமே கம்பெனிப் பொண்ணு வந்து என் கையெழுத்தை வாங்கிட்டுப் போயிட்டா, வெறும் பன்னெண்டு பாட்டுதான், புதுசு எதுவும் கிடையாதுன்னு அவளே சொன்னா... நீ நேர்ல வருவேன்னும் சொன்னா, அன்னிலேர்ந்து சாப்பிடக்கூடப் போகாம, கதவு தொறக்கும்போதெல்லாம் நிமிந்து பாத்துட்டு உக்காந்திருக்கேன், அந்தப் பாட்டை எழுதின காலத்துல உனக்காக உக்காந்திருந்த மாதிரியே.