முக்கோணத்துக்கு மாத்தல்

சின்னாளபட்டியிலிருந்து திண்டுக்கல் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள் போல. கட்டம் போட்ட அட்டை ஒன்றை மடியில் வைத்திருந்தாள். அன்றைக்கு அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட ஆள் வருகிறார்களாம்.

“முக்கோணத்த இடம் மாத்துறதுதாம்மா இன்னைக்குப் பாடம்.”

“முக்கோணத்துக்கு எதுக்குடி மாத்தல்? என்ன தப்பு பண்ணுச்சு?”

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். மகள் சிரிக்கவில்லை.

“விளையாடாதம்மா. இந்தக் கட்டத்துல வலப்பக்கம் அஞ்சு, மேல ரெண்டு நகத்தணும். போன வாரம் பிள்ளைக ஒரு மூலைய மட்டும் நகத்திட்டு, மத்த ரெண்டையும் அங்கனயே விட்டுருச்சுக. முக்கோணம் கோணிக்கிச்சு. இன்னைக்கும் அப்படிப் பண்ணா நான் பெயிலு.”

“வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்தா அவர மட்டுமா அனுப்புவாக? பொண்டாட்டி பிள்ளையெல்லாம் ஒண்ணா கிளம்ப வேண்டியதுதான.”

மகள் அட்டையில் மூன்று மூலைகளையும் விரலால் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள்.

“குடும்பத்தோட மாத்தல். மூணு மூலையும் ஒரே அளவு போகணும். இப்படிச் சொன்னா பிள்ளைக மறக்காதுக. சொல்லிக்கவாம்மா?”

“சொல்லிக்க. எங்கம்மா சொன்னதுன்னு சொல்லு.”

பஸ் ஸ்டாண்டு வந்ததும் அந்த அம்மா எழுந்து, “டீச்சர் இறங்குறாக, செத்த வழி விடுங்க” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னும் டீச்சர் ஆகலம்மா” என்றாள் மகள், மெதுவாக.

“முக்கோணத்துக்கே மாத்தல் போடுற. ஆகாம என்ன?”