மந்திரி நெஞ்சைத் தொட்ட மூன்று தடவை

வியாழக்கிழமை பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடம். மூன்று நாளாகப் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. வெயில் வரவில்லை, காற்றும் அசையவில்லை, இஸ்திரிப் பெட்டியின் ஆவி மட்டும் கடைக்குள் தன் இஷ்டத்துக்கு உலவிக்கொண்டிருந்தது. தையற்காரர் நான்கு குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் அது வாய்ப்பூட்டு. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

"...அதைத்தான் தங்கச்சி நானும் கேக்கறேன்! மந்திரி சொல்றாரு, நாங்கல்லாம் விருந்தாளியாம், விருந்தாளி! விருந்தாளின்னா யாரு? வந்து சாப்பிட்டுட்டுப் போறவன். பதினோரு வருஷமா ஊருக்கெல்லாம் துணி தெச்சுக் கொடுத்துட்டு, ஒழுங்கா வரி கட்டிட்டு இருக்கறவன் விருந்தாளியா? எந்த வீட்டுலங்க விருந்தாளிகிட்ட வரி வாங்கறாங்க? ...அசையாதீங்க, ஊசி குத்தும்."

அவள் அசையவில்லை. கண்ணாடிக்கு எதிரே, ஒரு சாண் உயரப் பலகையின்மேல், பாதி தைத்த கோட்டில் நின்றிருந்தாள். வலது கை ஊசிகளின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது. இறங்கி ஓட வேண்டுமானால் கோட்டையோ தோலையோ விட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். சனிக்கிழமை தொலைக்காட்சி விவாதம் ஒன்றுக்கு அவளை அன்று காலைதான் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த அவசரக் கோட்டு. கூப்பிட்டதற்கான காரணமோ அவருடைய வெட்டும் மேசையில், கத்தரிக்கோலுக்கு அடியில் கிடந்தது. அன்றைய நாளிதழ். அதன் நான்காம் பக்கத்தில், வெளியிலிருந்து குடியேற வருபவர்களைப் பற்றி மந்திரி முந்தைய நாள் மாலை ஆற்றிய உரையை அலசி ஒரு கட்டுரை. எழுதியவள் அவள்தான். நாற்பது நிமிடக் காட்சியை அறுபத்திரண்டு இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதியிருந்தாள். அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தையற்காரர் கேட்கவில்லை. கேள்வி கேட்டால் பதிலுக்காக நிறுத்த வேண்டியிருக்கும்.

"மந்திரி தோளைப் பாருங்க, தோளை. அதோ, டி.வி.ல மறுபடியும் போடறான். சத்தத்தை நான்தான் அமுக்கி வெச்சிருக்கேன். சத்தமில்லாம பாத்தாத்தான் ஆளு தெரிவான். வலது தோள் அரை அங்குலம் இறக்கம், பிறவியிலேயே. அதைப் பஞ்சு வெச்சு நிரவி விட்டது யாரு? இந்தக் கைதான்! அந்தக் கோட்டு என் கோட்டு, தங்கச்சி. இன்னிக்கு ஊரே சொல்லுது, என்ன நிமிர்வு, என்ன கம்பீரம்னு. நிமிர்வாம்! அது பஞ்சு. வெறும் பஞ்சு.

"சரி, பேச்சுக்கு வருவோம். எடுத்த எடுப்புல 'நாம எல்லாரும்'னாரு. நல்லாருக்கு. கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா 'நாங்க'ன்னு ஆயிடுச்சு. நான் எந்த இடத்துல இறக்கி விடப்பட்டேன்னு எனக்கே தெரியலை... பஸ்ஸுல தூங்கிட்டவன் மாதிரி. அப்புறம் என்ன? 'அலை அலையா வர்றாங்க, வெள்ளமா வர்றாங்க!' ஏன் எப்பப் பாத்தாலும் தண்ணி? மனுஷன்னு சொல்லிட்டா நாற்காலி போட்டு உக்கார வெக்கணும். தண்ணின்னு சொல்லிட்டா அணை கட்டலாமில்ல? நான் ஒண்ணும் அலையில வரலைங்க. ரெண்டு பெட்டி, ஒரு கத்தரிக்கோல், முத்திரை குத்தின ஒரு தாளு. கத்தரிக்கோலையும் சோதனையிலயே பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க!

"அப்புறம் இந்தச் 'சிலர்'. 'சிலர் என்னைக் கேக்கறாங்க, இவங்களால நமக்கு என்ன லாபம்னு.' யாருய்யா அந்தச் சிலர்? ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்! தான் கேக்கக் கூச்சப்படறதையெல்லாம் அந்தச் சிலர் தலையில கட்டிடறது. பாவம் அவங்க. இந்த நாட்டுல அவங்களை மாதிரி உழைக்கறவங்க யாருமே கிடையாது... கையைக் கொஞ்சம் தூக்குங்க. போதும்."

அவள் கையைத் தூக்கினாள். அந்தச் 'சிலர்' தன் கண்ணில் படவே இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். அறுபத்திரண்டு இடங்களில் நிறுத்தியும்.

"இதை விடுங்க. இதுக்கு மேல ஒரு கூத்து இருக்கு. இந்தப் பேப்பர்ல ஒரு அம்மா எழுதியிருக்காங்க. யாரோ... 'உடல்மொழி ஆய்வாளர்'னு போட்டிருக்கு."

அந்தப் பட்டத்தை அவளுக்குச் சூட்டியவர் பத்திரிகை ஆசிரியர். அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள், ஒரே ஒரு தடவை.

"கேளுங்க, படிக்கறேன். 'மூன்று முறை அவருடைய வலக்கை இடது நெஞ்சை நாடிச் சென்றது. மூன்று முறையும் உதடுகள் கதவு என்றே உச்சரித்தன. வாய் பொய் சொல்லலாம், கை சொல்லாது.' அடேங்கப்பா! நெஞ்சு வலியா இருக்குமோன்னு கூட அந்த அம்மாவுக்குத் தோணலை பாருங்க! கை பொய் சொல்லாதாம். நான் முப்பது வருஷமா உடம்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உடம்பு மாதிரிப் பொய் சொல்றது எதுவும் கிடையாது. நாடாவை இடுப்புல சுத்தின உடனே வயித்தை உள்ள இழுத்துக்காத ஆளை இன்னிக்கு வரைக்கும் நான் பாத்ததில்லை. நீங்களும்தான் இழுத்தீங்க. நான் ஒரு அங்குலம் கூட்டித்தான் எழுதிக்கிட்டேன்."

அவள் மெல்ல மூச்சை விட்டாள்.

"உனக்கென்னய்யா இவ்வளவு கோவம்னு கேக்கறீங்க..."

அவள் கேட்கவில்லை.

"சொல்றேன். பத்து நாளைக்கு முன்னாடி, இதே பலகை. இதே இடத்துல நின்னாரு மந்திரி, கடைசி அளவு பாக்க. நான் அளவா ரெண்டே வார்த்தைதான் பேசினேன். வாடிக்கையாளர்கிட்ட நான் அதிகம் பேசறதில்லை... 'சம்சாரமும் பொண்ணும் அங்க இருக்காங்கய்யா, பதினோரு வருஷம் ஓடிப்போச்சு, கூப்பிட்டுக்க மனு எழுதி வெச்சிருக்கேன்'னேன். அவரு என்ன சொன்னாரு? 'பொறுய்யா! பழைய முறையில போட்டா மூணு வருஷம் இழுப்பான். இந்தக் கூட்டத்துல நான் புதுசா ஒண்ணு அறிவிக்கப் போறேன். பத்து வருஷம் இங்க உழைச்சவன் குடும்பம் ஆறே மாசத்துல வந்துடலாம்.' இந்தக் கண்ணாடியில என் கண்ணைப் பாத்துச் சொன்னாரு! நான் மனுவை டிராயர்ல வெச்சுப் பூட்டிட்டேன்.

"நான் கிளம்பறப்பப் பொண்ணுக்கு நாலு வயசு. போன மாசம் ஒரு கவுன் தெச்சு அனுப்பலாம்னு, அளவு சொல்லும்மான்னேன் போன்ல. 'அம்மா அளவுக்கே தெச்சிடுங்கப்பா, நானும் அம்மாவும் இப்ப ஒரே உயரம்'ங்கறா. ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் நாடாவைப் பிடிக்கறேன். என் பொண்ணு அளவை மட்டும் போன்ல கேட்டு எழுதிக்கறேன்...

"ம். அப்புறம் நேத்து என்ன அறிவிச்சாரு? கதவு! 'நமது கதவு...'ன்னு ஒரு தடவை சொன்னாரு, சாத்தப் போறாருன்னு கைதட்டினாங்க. ரெண்டாந்தடவை சொன்னாரு, எழுந்து நின்னு தட்டினாங்க. மூணாந்தடவை அவருக்கே கை தட்டணும் போல இருந்திருக்கும். ராத்திரியோட ராத்திரியா உத்தரவும் போட்டாச்சு. திங்கக்கிழமையிலேருந்து குடும்ப மனுவே வாங்க மாட்டாங்களாம். என் கோட்டை மாட்டிக்கிட்டு என் மூஞ்சியிலயே சாத்தினாரு, தங்கச்சி! ...நாளைக்கு வெள்ளிக்கிழமை, கடைசி நாள். போய்க் கொடுக்கலையான்னு பாக்கறீங்க. கொடுக்க மாட்டேன்! எதுக்குக் கொடுக்கணும்? அவரு சொன்னது சொன்னதுதானே? மந்திரி வாக்கு!"

போய்க் கொடுங்கள் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அலமாரியிலிருந்து ஒரு கோட்டு உறையை உருவிக்கொண்டு வந்துவிட்டார்.

"இந்த லட்சணத்துல, மத்தியானம் டிரைவர்கிட்ட கோட்டைத் திருப்பி அனுப்பியிருக்காரு. கூட ஒரு சீட்டு. 'உள்பை திறக்கவில்லை. ஆறு மணிக்குள் சரிசெய்யவும். நாளைக் காலை கூட்டம்.' என் பை திறக்கலையாம்! ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். இருந்த கோவத்துல நான் உறையைக் கூடப் பிரிக்கலை. இப்பப் பாருங்க, உங்க கண்ணு முன்னாடி போட்டுக் காட்டறேன். பை எப்படித் திறக்குதுன்னு நீங்களே..."

கோட்டை மாட்டிக்கொண்டு, வலக்கையை இடப்பக்க உள்பைக்குள் விட்டார். விரல் நுனிகள் போய் நின்றன. எடுத்தார், மறுபடி விட்டார், நின்றன. அவருடைய தோளுக்குப் பின்னால், சத்தமில்லாத தொலைக்காட்சியில், மந்திரியின் கை அதே இடத்துக்கு அதே போலப் போய், அதே போல நின்றது. உதடுகள் அசைந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அறுபத்திரண்டு இடங்களில் நிறுத்திப் பார்த்தவளுக்கு, அறுபத்து மூன்றாவது இடத்தில் விளங்கியது. தையற்காரருக்கு இன்னும் ஒரு நொடி பிடித்தது.

"இது... இது ஓட்டுத் தையல். கோட்டு தைக்கறப்பப் பையோட வாய் தொங்கிடாம இருக்க லேசா ஓட்டி வெப்போம். கடைசி அளவு பாத்ததும் பிரிச்சுடணும். பிரிச்சுடுவேன் தங்கச்சி! முப்பது வருஷமா பிரிச்சிருக்கேன். எப்பவும் வெள்ளை நூல்லதான் ஓட்டுவேன், கண்ணுல படட்டும்னு. அன்னிக்கு வெள்ளை தீர்ந்து போச்சு... கறுப்புல ஓட்டினேன். கறுப்புத் துணியில கறுப்பு நூல். ஞாபகம் வெச்சுக்கணும்னு நினைச்சேன். அவரு ஆறு மாசம்னாரா... நான் அப்படியே பொண்ணு படிப்பைப் பத்தி, எந்தப் பள்ளிக்கூடம் நல்லதுன்னு, அவளுக்குத் தனி அறை ஒண்ணு... பேசிக்கிட்டே... பேசிக்கிட்டே மடிச்சுக் கொடுத்துட்டேன்."

சிறு கத்தரியால் நூலை வெட்டினார். தையலின் ஓரத்தில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. மந்திரியின் உதவியாளர் எவரோ மடித்த தாளை அந்த வழியாக உள்ளே நழுவ விட்டிருக்க வேண்டும். தாள் போன வழியில் கை போகவில்லை. உரையின் கடைசிப் பக்கம், மேடையில் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில், பையின் அடியில் அப்படியே கிடந்தது. அவர் படித்தார். பிறகு அவளிடம் நீட்டினார். 'பத்து ஆண்டுகள் நம்மோடு உழைத்தவர்களின் குடும்பங்களுக்கு, ஆறு மாதங்களுக்குள், நமது கதவு திறக்கும்.'

வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினார். இப்போது வாய் முழுக்கக் காலி. இஸ்திரிப் பெட்டி இரண்டு முறை பெருமூச்சு விட்டது.

"நீங்க... என்ன வேலை பாக்கறீங்க தங்கச்சி?"

அவள் ஊசிகள் குத்தாத இடது கையை நீட்டி, மேசையில் கிடந்த நான்காம் பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் பக்கத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஓ," என்றார். "...சரி. நான் பையைத் தெச்சு மூடினேன். நீங்க அதுமேல பூவேலை பண்ணிட்டீங்க."

அவள் அந்தப் பக்கத்தை மடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"பரவாயில்லை, விடுங்க. தாளைத் திரும்ப உள்ளயே வெச்சுடறேன். பை இப்ப வெண்ணெய் மாதிரித் திறக்குது. நாளைக்கு மேடையில கையை விடுவாரு, வரும், படிப்பாரு. படிச்சுட்டா உத்தரவை மாத்தித்தானே ஆகணும்? ...என்ன பாக்கறீங்க? மனுவா? டிராயர்லதான் இருக்கு... சாவியும் இருக்கு... இருங்க, முதல்ல உங்க ஊசியை எடுத்து விடறேன்."

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் ஆசிரியரின் மேசைமுன் நின்று, நான்கு வரியில் எழுதிய திருத்தத்தைக் கொடுத்தாள்: மந்திரி நெஞ்சைத் தொடவில்லை, பையைத் தேடினார். "யார் சொன்னது?" என்று அவர் கேட்டார். தையற்காரர் என்றாள். ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதை ஞாயிறு இதழின் நகைச்சுவைப் பகுதிக்கு அனுப்பினார். அவள் தொலைக்காட்சி நிலையத்தை அழைத்துத் தான் வரப்போவதில்லை என்றாள். பத்தே நிமிடத்தில் அவர்கள் வேறொரு ஆய்வாளரைப் பிடித்துவிட்டார்கள்.

மந்திரி ஒன்பது மணிக்கு வேறொரு மண்டபத்தில் பேசினார். பாதி உரையில் கையை உள்பைக்குள் விட்டார். கை தடையில்லாமல் போயிற்று. தாளை எடுத்துப் பிரித்தார். ஒரு வரி படிக்கும் நேரம் அதைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். தாளை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "கதவு..." என்று ஆரம்பித்தார். மீதியைக் கைதட்டல் விழுங்கிவிட்டது.

தையற்காரர் அன்று கடையைத் திறக்கவில்லை. விடிவதற்கு முன்பே மனுவோடு போய், குடியேற்ற அலுவலகத்தின் வாசல் வரிசையில் நாற்பத்து மூன்றாவது ஆளாக நின்றிருந்தார். முன்னால் நின்றவர் அந்தக் கூட்டத்தைத் தன் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். தையற்காரர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். தாள் வெளியே வந்ததையும் திரும்ப உள்ளே போனதையும் பார்த்தார். கைப்பேசிக்காரர் திரும்பி, "என்னங்க சொல்றாரு? உங்களுக்கு ஏதாவது புரியுதா?" என்று கேட்டார்.

"பை நல்லாத்தான் திறக்குது," என்றார் தையற்காரர். வரிசை நகர்ந்தது. மனுவை மார்போடு அணைத்துக்கொண்டு, அவரும் ஓர் அடி முன்னால் வைத்தார்.