முக்கோணமா ஓடு

டில்லிபாபு: இந்தாங்க, ஸ்டோர் ரூம் சாவி. பூட்டு லேசுல தொறக்காது. கதவ ஒரு ஒத வுட்டீங்கன்னா...

ஸ்டானிஸ்லாஸ்: வந்த மொத நாளே காலேஜ் கதவ ஒதச்சா பிரின்சிபால் இன்னா நெனப்பாரு?

டில்லிபாபு: என்னிய ஒதச்சு வெளிய தள்ளுனாரே, அப்ப இன்னா நெனச்சாராம்? ஆறு வருசம் இந்தப் பொண்ணுங்களுக்கு ஹாக்கி கோச்சு சார் நானு. ஆறு வருசம்!

ஸ்டானிஸ்லாஸ்: தப்பா எடுத்துக்காதீங்க மாஸ்டர். புது கோச்சு வேணும்னு கூப்ட்டாங்க, வந்தேன்...

டில்லிபாபு: உங்க மேல கோவமில்ல. எவனோ பிரின்சிபாலாண்ட என்னியப் போட்டுக் குடுத்துகீறான். அவன் மட்டும் கெடைக்கட்டும், அப்டியே தலைக்கு மேல தூக்கி... ஏ ஜஸீமா! அங்க இன்னா ஒட்டுக் கேட்டுகினு கீற? நம்ம கோல்கீப்பரு சார் இது.

ஜஸீமா: ஒட்டுக் கேக்கல மாஸ்டர், கால்ல கட்ற பேடு காயப் போட்டுகினு கீறேன். நேத்து மழைல கிரவுண்டே வெள்ளம் வந்த சடையங்குப்பம் மாரி ஆய்ச்சி. வணக்கம் சார்.

ஸ்டானிஸ்லாஸ்: வணக்கம்மா. மாஸ்டர், உள்ள ரெண்டு இரும்புத் தட்டு கீதே, அது இன்னாத்துக்கு?

டில்லிபாபு: அதா... கோல் போஸ்ட்டு காத்துல பறக்காம இருக்க.

ஸ்டானிஸ்லாஸ்: ஓ. சனிக்கெழம மேட்ச்சு. இதுலயும் தோத்தா டீமையே கலச்சிருவேன்னு சொல்லிட்டாரு பிரின்சிபால்.

டில்லிபாபு: கலச்சிருவாரா! என்னாண்ட சொல்லவே இல்ல?

ஜஸீமா: எங்களாண்ட சொன்னாரு.

ஸ்டானிஸ்லாஸ்: அதான் கேக்குறேன்... நம்ம டீமு ஆட்டத்த எப்டி ஆரம்பிக்கும்?

டில்லிபாபு: விசில் ஊதுனதும் முக்கோணமா ஓடணும்.

ஸ்டானிஸ்லாஸ்: யாரு?

டில்லிபாபு: எல்லாரும்.

ஸ்டானிஸ்லாஸ்: பந்து?

டில்லிபாபு: பந்து... அத்த வீடியோல சரியாக் காட்டல.

ஸ்டானிஸ்லாஸ்: இன்னா வீடியோ?

டில்லிபாபு: ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வேற கேளுங்க.

ஸ்டானிஸ்லாஸ்: பெனால்டி கார்னர்னு ஒண்ணு கீதே... அந்தக் கார்னர்ல பந்து வுழுந்தா எத்தினி பாயிண்ட்டு?

டில்லிபாபு: வுழுறதா? இன்னா சார் ஒளர்றீங்க?

ஸ்டானிஸ்லாஸ்: சும்மா... டெஸ்ட் பண்ணேன். ஸ்டிக்க இப்டித்தானம்மா புடிக்கணும்?

ஜஸீமா: தலகீழா கீது சார்.

ஸ்டானிஸ்லாஸ்: தெரியும்மா. நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்.

டில்லிபாபு: இருங்க சார், இருங்க. பேசிகினே கீழ கெடக்குற கல்லக் கல்ல வெரலால சுண்டுறீங்களே, ஒண்ணு கூட தப்பாம அந்த மூலைல கீற டப்பாக்குள்ள வுழுது... யோவ்! ராயபுரம் கேரம் ஸ்டானிஸ்லாஸ் நீதானா?

ஸ்டானிஸ்லாஸ்: அய்ய, மெதுவாப் பேசு மாஸ்டர்! எங்க கேரம் கிளப்ப மூடிட்டாங்க. யாரோ சொன்னாங்கன்னு பிரின்சிபாலே ஃபோன் பண்ணாரு. "நீங்க கோச்சா"ன்னாரு. ஆமான்னேன். எதுக்கு கோச்சுன்னு அவரும் கேக்கல, நானும் சொல்லல.

டில்லிபாபு: அடப்பாவி! டீமே கலையப் போவுது, இப்ப வந்து கேரம் போர்டு காட்றியா?

ஸ்டானிஸ்லாஸ்: கால்ல வுழறேன் மாஸ்டர். சனிக்கெழமைக்குள்ள நீ எனக்கு ஹாக்கி கத்துக் குடுத்துரு.

டில்லிபாபு: நானா! ஹாக்கியா?

ஸ்டானிஸ்லாஸ்: பின்ன? ஆறு வருசம் கோச்சுதான நீ?

டில்லிபாபு: நானு... வெயிட் லிஃப்டிங்கு நைனா.

ஸ்டானிஸ்லாஸ்: இன்னாது!

டில்லிபாபு: காலடிப்பேட்டைல வந்து கேட்டுப் பாரு, டில்லிபாபு பளு தூக்குனா தெருவே வேடிக்க பாக்கும். "ஸ்போர்ட்ஸ் தெரியுமா"ன்னு கேட்டாங்க, தெரியும்னேன்.

ஸ்டானிஸ்லாஸ்: அப்ப அந்த இரும்புத் தட்டு?

டில்லிபாபு: என்துதான். வுடு. பொண்ணுங்கள தண்டால் எடுக்க வச்சேன், கை தட்னேன். அதுங்களே ஆடுச்சுங்க, அதுங்களே கப்பு வாங்குச்சுங்க.

ஸ்டானிஸ்லாஸ்: கப்பு வேறயா? பின்ன இந்த வருசம் மட்டும் ஏன் இப்டி மண்ணக் கவ்வுது?

டில்லிபாபு: அதான் மாமு எனக்கும் புரியல! ஓசில சம்பளம் வாங்குறமேன்னு மனசு உறுத்துச்சு. மொபைல்ல வீடியோவாப் பாத்து ஹாக்கியக் கத்துகினேன். நீ லெஃப்ட்டு போ, நீ ரைட்டு போ, முக்கோணமா ஓடுன்னு தொண்ட கிழிய சொல்லிக் குடுத்தேன். அன்னிலேர்ந்து ஒரு கோல் வுழல. இவ்ளோ பாசமாப் பண்ணவன எவனோ போட்டுக் குடுத்துட்டானே... ஏம்மா ஜஸீமா, நீ ஏன் அழுவுற?

ஜஸீமா: தலைக்கு மேல தூக்கிடாதீங்க மாஸ்டர்... போட்டுக் குடுத்தது நாந்தான். எங்க தெரு கேரம் சார ஹாக்கியில புலின்னு பிரின்சிபாலாண்ட அள்ளி வுட்டதும் நாந்தான். ஒண்ணுந் தெரியாத கோச்சு இருந்த வரைக்கும் நாங்க ஜெயிச்சுகினுதான மாஸ்டர் இருந்தோம்? சனிக்கெழம நீங்களும் வாங்க, பழையபடி வெளிய நின்னு கை மட்டும் தட்டுங்க, நீங்க இல்லாம எங்களுக்கு நல்லா இல்ல. சார், உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்... நீங்களாவது கத்துக்காதீங்க!