வெளுத்துப்போன தாலிக்கயிறு

மலையும் மஞ்சும் மாறி மாறி முகம் காட்டும் பதுளையில், இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை சிதம்பரநாதன் அவர்களே! அப்புத்தளைக் குளிரைத் தாண்டி வந்து அமர்ந்திருக்கும் ஆன்றோர்களே, அன்புத் தாய்மார்களே! நாளை முதல் இங்கே கணினியில் படம் திருத்தப் படிக்கப்போகும் தம்பி தங்கைகளே! இந்நகரில் ஸ்டூடியோ நடத்தும் இந்திரஜித்தின் பணிவான வணக்கம்.

நிறத்தைத் திருத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நிறம் என்பது எது? கண் காண்பதா? விளக்கு காட்டுவதா? ஊர் விரும்புவதா? எனக்குத் தெரிந்தது என் கடையில் நடந்த ஒரு சம்பவம்தான். அதைச் சொல்கிறேன்.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் கலாராணி என்ற பெண்ணுக்குத் திருமணம். மண்டபத்தில் மஞ்சள் பல்பு. ஆகவே மணமகன் மஞ்சள், மத்தளம் மஞ்சள், மாமன் மஞ்சள்! படங்கள் என் கடைப் பையன் ரஜீவிடம் வந்தன. மணப்பெண் சிவப்பாகத் தெரியவேண்டும் என்பது நம் ஸ்டூடியோக்களின் எழுதாத சட்டம். சிவப்பு என்போம், வெள்ளையைக் கேட்போம். சிரிக்கிறீர்களே ஐயா, உங்கள் கல்யாண ஆல்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்!

யாரும் கேட்காமலே ரஜீவ் மஞ்சளைக் குறைத்தான், ஒளியைக் கூட்டினான். மறுபடியும் குறைத்தான், மறுபடியும் கூட்டினான். முகம் பளபளத்தது. அச்சுக்குப் போகுமுன் திரையில் பார்த்துக்கொள்ளத் தாயும் மகளும் வந்தார்கள். மாமியார் வீட்டுக்குப் போகவேண்டிய ஆல்பம் அது. தாலி கட்டும் படம் வந்ததும் தாய் பெரியாயி எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க தம்பி, தாலிக்கயிறு வெள்ளையா இருக்கு! மஞ்சக்கயிறுங்க அது! இத சம்பந்தி வீட்டுல எப்புடி காட்டுவேன்? கட்டுன அன்னைக்கே எம்புள்ள..." சொல்லை முடிக்க மனம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா, இந்தா சரி பண்ணிர்றேன்" என்றான் ரஜீவ். கயிற்றை மட்டும் தெரிவு செய்தான், மஞ்சளை ஏற்றினான். தாய்க்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். ஆனால் கலாராணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கயிறு என்னோடதுதாங்க. அது தொங்குற கழுத்து யாரோடது?"

அவையோரே, அந்தக் கேள்விக்கு எந்த மென்பொருளில் விடை உண்டு? எந்த வகுப்பில் விடை உண்டு? ரஜீவ், தான் செய்த திருத்தம் அத்தனையையும் அழித்தான். மூலப்படத்துக்குப் போனான். மாப்பிள்ளையின் வேட்டியில் ஒரு புள்ளியைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று கணினிக்குக் காட்டினான். அவ்வளவுதான்! பல்பின் மஞ்சள் போனது, கயிற்றின் மஞ்சள் நின்றது, கொழுந்து மலை வெயிலில் விளைந்த அந்தப் பெண்ணின் நிறம் அப்படியே திரும்பி வந்தது.

"இதாங்க நானு" என்றாள்.

படிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, வெள்ளையைத் தேடுங்கள், வேட்டியில் தேடுங்கள்! எங்கள் பெண்களின் முகத்தில் தேடாதீர்கள்!

இத்தனை நேரம் செவி தந்த சபைக்கு என் நன்றி. பெரகல பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் பத்திரமாகப் போய்ச் சேருங்கள். வணக்கம்.