முதுகுப் பைக்குள் தலையணை

இத்தாலியின் மொண்டெல்லோக் கடற்கரையிலிருந்து பலெர்மோ திரும்பும் பின்னேர பஸ். பெரிய முதுகுப் பைகளோடு இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் ஏறினார்கள். என் முன் இருக்கையில் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் இரண்டு தமிழர்கள். மூத்தவர் பைகளையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நானும் உப்பிடித்தான் ரியோவிலை பை தூக்கித் திரிஞ்சனான்.”

“நீங்களோ அண்ணை?”

“ஓம். ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் இத்தாலி எண்டு சொல்லி எங்கள் ஆறு பேரையும் அங்கை இறக்கிவிட்டவன். அறைக்குள்ளையே கிடந்தால் பொலிஸ் சந்தேகப்படுமாம். ஊர் பாக்க வந்த ஆக்கள் மாதிரித் திரியச் சொன்னவன். பைக்குள்ளை தலையணை.”

“கடலிலை குளிச்சனீங்களே?”

“பிளேன் ஏறுறதுக்கெண்டு வச்சிருந்தது ஒரு காற்சட்டை, ஒரு சப்பாத்து. அயன் மடிப்புக் குலையாமல் ஆறு பேரும் மணலிலை வரிசையா நடந்தம்.”

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“பக்கத்து ஊர்க் கடற்கரையிலை ஒரு வெள்ளைக்காரப் பெடியன் கேட்டான், எப்ப வீட்டை திரும்புறாய் எண்டு.”

“என்ன சொன்னனீங்கள்?”

“வாற கிழமை எண்டு.”

பஸ் இரண்டு தரிப்புகளைத் தாண்டியது.

“அது எப்ப அண்ணை?”

“மகள் அப்ப வயித்திலை. இப்ப மூண்டாம் வகுப்புப் படிக்கிறாளாம்.”